தலைகீழ் மலையும் காணாமல் போகும் வியர்வையும்

மாணவர்களே, வெயிலைப் பற்றி மலேசியர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்றுதான் நாம் நினைக்கிறோம். திங்கட்கிழமை சபைகூடல் முடிவதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. திடலில் கால்மணி நேரம் பந்து விளையாடினால் வியர்வை கண்ணில் இறங்கி எரிகிறது. இப்படியே வளர்ந்த உடம்பு எந்த ஊர் வெயிலையும் தாங்கிவிடும் என்று நம்புவது இயல்புதான். உங்களில் சிலர் நாளை மேற்படிப்புக்காக அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ செல்லலாம். விடுமுறையில் நண்பர்களோடு பாலைவன மலைப் பாதைகளில் நடக்கவும் ஆசைப்படலாம். அங்கே நமக்குப் பழகிய வெயில் அறிவு ஒரு முக்கியமான இடத்தில் நம்மைக் கைவிட்டுவிடும். ஏன் என்பதை இந்த வாரம் பார்ப்போம். இதற்கு வேண்டிய அறிவியலில் பெரும்பகுதி உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது.

எடுத்துக்காட்டாக நாம் எடுத்துக்கொள்ளும் இடம், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கிராண்ட் கேன்யன். கொலராடோ ஆறு பாறையை அறுத்து உண்டாக்கிய இந்தப் பள்ளத்தாக்கின் நீளம் 446 கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டர். ஆழம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். 1919-இல் இது தேசியப் பூங்கா ஆனது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 50 இலட்சம் பேர் வருகிறார்கள். பெரும்பாலோர் விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். ஒரு பகுதியினர் பாதை வழியாக உள்ளே இறங்குகிறார்கள். நம் பாடம் இவர்களைப் பற்றியது. பள்ளத்தாக்கிலிருந்து ஆண்டுக்கு 250 பேருக்கும் மேல் மீட்கப்படுகிறார்கள் என்கிறது பூங்கா நிர்வாகம். அவர்களில் இளைஞர்கள், நல்ல உடற்கட்டு உள்ளவர்கள், விளையாட்டு வீரர்கள் எல்லாரும் உண்டு. மாரத்தான் ஓடிப் பழகியவரே இங்கு வெயிலுக்குப் பலியானது உண்டு.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். பள்ளத்தாக்கின் அடியில் உள்ள கரும்பாறைக்கு ‘விஷ்ணு ஷிஸ்ட்’ என்று பெயர். வயது ஏறத்தாழ 170 கோடி ஆண்டுகள். ‘விஷ்ணு டெம்பிள்’, ‘சிவா டெம்பிள்’, ‘பிரம்மா டெம்பிள்’ என்ற பெயர்களில் சிகரங்களும் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் இங்கு ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் போன்றவர்கள், கோபுரம் போல எழுந்து நிற்கும் பாறைகளைக் கண்டு வியந்து கீழை நாட்டுத் தெய்வங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். அவ்வளவுதான். அங்கே யாரும் கோவில் கட்டவில்லை. புலனத்தில் அப்படி ஏதாவது வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு

நமக்குத் தெரிந்த மலைகள் எல்லாம் அடிவாரத்தில் தொடங்கி உச்சியில் முடிபவை. உடம்பில் தெம்பு இருக்கும்போது ஏறுகிறோம், களைத்தபின் இறங்குகிறோம். முடியவில்லை என்றால் பாதியிலேயே திரும்பிவிடலாம். திரும்பும் வழி முழுவதும் இறக்கம்தான். ஏற ஏறக் குளிரும் கூடும்.

கிராண்ட் கேன்யன் இதற்கு நேர்மாறு. வண்டி நிறுத்துமிடம் உச்சியில் இருக்கிறது. தெற்கு விளிம்பின் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர். காலையில் அங்கே இதமான காற்று, பைன் மர வாசனை. பாதை கீழ்நோக்கிச் செல்வதால் கால்கள் தாமாகவே நடக்கின்றன. ‘பிரைட் ஏஞ்சல்’ என்னும் பாதையில் 15 கிலோமீட்டர் நடந்தால் ஆற்றோரம். அதற்குள் 1,340 மீட்டர் இறங்கிவிட்டிருப்பீர்கள். இது ஏறத்தாழ கேமரன் மலையின் உயரம். தானா ராத்தாவில் இருந்து புறப்பட்டுத் தாப்பா வரை இறங்கி, நண்பகல் வெயிலில் மீண்டும் தானா ராத்தாவுக்கே நடந்து ஏறுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வேடிக்கையான முதல் பாதிக்குக் கொடுக்கும் விலை இரண்டாம் பாதியில்தான் வருகிறது.

இறங்க இறங்க ஏன் வெப்பம் கூடுகிறது? சூரியனுக்கு அருகில் போவதாலா என்றால், விலகித்தான் போகிறோம். காரணம் காற்றழுத்தம். கீழே செல்லும் காற்றை அதற்கு மேலுள்ள காற்றின் எடை அமுக்குகிறது. அமுக்கப்படும் காற்று சூடாகும்; மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதும் இதனால்தான். உலர்ந்த காற்று 1 கிலோமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் சூடாகிறது. 1,340 மீட்டருக்கு 13 பாகை என்று கணக்கு வருகிறது. உண்மை நிலவரம் என்ன? ஜூலை மாதத்தில் தெற்கு விளிம்பின் சராசரி உச்ச வெப்பநிலை 29 பாகை; பள்ளத்தாக்கின் அடியில் 41 பாகை. வேறுபாடு 12. கணக்குக்கு மிக அருகில் வந்துவிட்டோம்.

நம் கேமரன் மலையில் இவ்வளவு வேறுபாடு இருப்பதில்லை, கவனித்தீர்களா? நம் காற்றில் நீராவி அதிகம். ஈரக்காற்று மேலே எழும்போது நீராவி குளிர்ந்து மேகமாகிறது; அப்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பம் காற்றின் குளிர்ச்சியைக் குறைத்துவிடுவதால், 1 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6 பாகைதான் குறைகிறது. ஆகவே ஒரே உயர வேறுபாடு, ஈர நாட்டில் ஒரு விதமாகவும் வறண்ட நாட்டில் வேறு விதமாகவும் உணரப்படுகிறது.

1889-இல் கிளின்டன் ஹார்ட் மெர்ரியம் என்ற அமெரிக்க இயற்கை ஆய்வாளர் இந்த வட்டாரத்துக்கு வந்தார். பள்ளத்தாக்கின் அடியில் கள்ளிகளும் முட்புதர்களும். விளிம்பில் பைன் மரங்கள். அருகில் உள்ள சான் பிரான்சிஸ்கோ மலையில் (உயரம் 3,851 மீட்டர்) இன்னும் ஏறினால் கனடா நாட்டுக் காடுகளில் காணும் ஊசியிலை மரங்கள். உச்சியில் மரமே இல்லை. உயரத்தில் சில கிலோமீட்டர் கடப்பது, தரையில் மெக்சிகோவிலிருந்து கனடா வரை வடக்கே பயணம் செய்வதற்கு ஒப்பாகும் என்பதை அவர் கண்டார். ‘வாழ்வு மண்டலங்கள்’ என்ற கருத்து இங்கிருந்துதான் வளர்ந்தது. நடப்பவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால், காலை ஏழு மணிக்கு ஒரு நாட்டில் புறப்பட்டுப் பதினொரு மணிக்கு வேறொரு நாட்டின் வெயிலில் நிற்கிறார்கள். உடுத்திய உடையும் எடுத்துவந்த தண்ணீரும் முதல் நாட்டுக்கு உரியவை.

வியர்வை எங்கே போனது?

இப்போது பாடத்தின் நடுப்பகுதிக்கு வருகிறோம்.

நம் உடம்பு வெப்பத்தை வெளியேற்ற சில வழிகள் உண்டு. தோலைவிடக் காற்று குளிர்ச்சியாக இருந்தால் வெப்பம் தோலிலிருந்து காற்றுக்குப் போகும். சுற்றியுள்ள பொருள்கள் குளிர்ச்சியாக இருந்தால் கதிர்வீச்சாகவும் போகும். மூன்றாவது, வியர்வை ஆவியாதல். வெயிலில் நிற்கும் நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 பாகை. கோலாலம்பூரில் 33 பாகை வெயிலில் முதல் வழி சிறிதளவாவது வேலை செய்கிறது. பள்ளத்தாக்கின் அடியில் 41 பாகை. வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் செல்லும் அல்லவா? அங்கே காற்றிலிருந்து உடம்புக்குள் வெப்பம் நுழைகிறது. சுட்டுக் கிடக்கும் பாறைச் சுவர்களும் தம் பங்குக்குக் கதிர்வீச்சை அனுப்புகின்றன. முதல் இரண்டு கதவுகளும் உள்பக்கமாகத் திறந்துகொள்ள, வெளியே போக ஒரே கதவுதான் மிச்சம்: ஆவியாதல்.

அந்த ஒரு கதவு பாலைவனத்தில் மிக அகலமானது. இதைப் புரிந்துகொள்ள நீராவி அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். 35 பாகையில் ஈரமான தோலின் மேல் நீராவி அழுத்தம் 5.6 கிலோபாஸ்கல். நம் ஊரில் 33 பாகை, 65 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றில் அது 3.3. வேறுபாடு 2.3 மட்டுமே. பள்ளத்தாக்கில் 41 பாகை, 10 விழுக்காடு ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால், காற்றின் நீராவி அழுத்தம் 0.8; வேறுபாடு 4.8. நீரைத் தோலிலிருந்து காற்றுக்கு இழுக்கும் விசை நம் ஊரைப்போல் இருமடங்கு. மண்பானைத் தண்ணீர் ஈரமான மழைநாளைவிட வறண்ட கோடையில் அதிகம் குளிர்வதற்கும் இதே காரணம்தான்.

நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதுதான், ஆனால் இதன் பக்கவிளைவு ஒன்று உண்டு. நம் ஊரில் சுரக்கும் வியர்வையில் ஒரு பகுதிதான் ஆவியாகிறது. மிச்சம் வழிகிறது, சொட்டுகிறது, சட்டையை நனைக்கிறது. அதைப் பார்த்துத்தான் “அப்பாடா, எவ்வளவு வியர்வை, தண்ணீர் குடிக்க வேண்டும்” என்று நாம் முடிவு செய்கிறோம். பதினைந்து ஆண்டுகளாக உங்கள் உடம்பு கற்றுக்கொண்ட எச்சரிக்கை மணி அது. பாலைவனத்தில் வியர்வை தோலுக்கு வந்த மறுகணமே மறைந்துவிடுகிறது. முதுகு காய்ந்திருக்கிறது. நெற்றி காய்ந்திருக்கிறது. “இங்கே எனக்கு வியர்க்கவே இல்லை, நம்ம ஊரைவிட இது பரவாயில்லை” என்று தோன்றும். ஆனால் மணிக்கு ஒரு லிட்டர், சில வேளைகளில் அதற்கும் மேல் நீர் வெளியேறிக்கொண்டிருக்கும். ஓய்வெடுக்கும்போது சட்டையில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால், அது ஆவியாகிப்போன வியர்வை விட்டுச் சென்ற உப்பு.

ஆகவே ஈர நாட்டு வெயிலில் வளர்ந்தவர்களுக்குப் பாலைவனத்தில் கூடுதல் பலம் இருக்கிறது என்று சொல்வதைவிட, கூடுதல் ஏமாற்றம் காத்திருக்கிறது என்று சொல்வதே பொருந்தும். நாம் கண்ணால் பார்த்துப் பழகிய அடையாளம் அங்கே இல்லை.

இந்தப் பாடத்தை நம்மைவிட நன்றாகக் கற்றுவைத்திருக்கும் ஓர் உயிர் அங்கே உண்டு. கலிபோர்னியா காண்டோர் என்னும் பெரும் பிணந்தின்னிக் கழுகு. சிறகு விரித்தால் ஏறத்தாழ 3 மீட்டர். அழிவின் விளிம்பிலிருந்து மீட்கப்பட்டு, 1996 முதல் அரிசோனாவில் மீண்டும் பறக்கவிடப்பட்டது. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெப்பம் தாங்க முடியாதபோது காண்டோர் தன் கால்களின் மேலேயே நீர்மமான எச்சத்தைக் கழித்துக்கொள்கிறது. அது ஆவியாகும்போது காலில் ஓடும் இரத்தம் குளிர்கிறது. முகம் சுளிக்காதீர்கள், அதே உள்ளுறை வெப்பம்தான். மலாய் மொழியில் ‘ஹாபா பெண்டாம்’ என்று நீங்கள் படிப்பது இதைத்தான்.

ஏறுவதற்கு எவ்வளவு தண்ணீர்?

படிவம் 4 இயற்பியலைக் கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். மாணவரின் பொருண்மை 60 கிலோகிராம், பை 8 கிலோகிராம் என்று கொள்வோம். ஆற்றோரத்திலிருந்து விளிம்பு வரை ஏற வேண்டிய உயரம் 1,340 மீட்டர்.

ஈர்ப்புநிலை ஆற்றல் = 68 × 10 × 1,340 = 911,200 ஜூல். ஏறத்தாழ 910 கிலோஜூல்.

நம் தசைகள் மிகத் திறமையான இயந்திரங்கள் அல்ல. உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் ஏறும் வேலையாக மாறுகிறது. மீதி நான்கு பங்கும் வெப்பம். அப்படியானால் 910 கிலோஜூல் வேலைக்குச் செலவாகும் மொத்த ஆற்றல் 4,550 கிலோஜூல். அதில் 3,640 கிலோஜூல் உடம்புக்குள்ளேயே வெப்பமாகத் தங்குகிறது. இதை வெளியேற்றாவிட்டால் என்ன ஆகும்? மனித உடலின் தன்வெப்பக் கொள்ளளவு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 3.5 கிலோஜூல். 60 கிலோகிராம் உடம்பை 1 பாகை சூடேற்ற 210 கிலோஜூல் போதும். 3,640-ஐ 210-ஆல் வகுத்துப் பாருங்கள். 17 பாகை! உடலின் உள்வெப்பம் 37-இலிருந்து 40-ஐத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து.

வியர்வை 1 கிலோகிராம் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 3,640-ஐ 2,400-ஆல் வகுத்தால் 1.5. அதாவது ஏறுகிற வேலைக்கு மட்டுமே ஒன்றரை லிட்டர் வியர்வை தேவை. இதில் 15 கிலோமீட்டர் முன்னோக்கி நடக்கும் வேலை சேரவில்லை. சூடான காற்றும் பாறையும் வெயிலும் உடம்புக்குள் தள்ளும் வெப்பம் சேரவில்லை. வெறுமனே உயிரோடு இருப்பதற்கு உடம்பு செலவிடும் ஆற்றலும் சேரவில்லை. எல்லாம் சேர்ந்தால் பல லிட்டர் ஆகிவிடும். அரை லிட்டர் போத்தல் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு உற்சாகமாக இறங்குபவர்களை அங்குள்ள வனக்காவலர்கள் ஏன் நிறுத்திப் பேசுகிறார்கள் என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இந்த நிறுத்திப் பேசுவது ஒரு முறையான திட்டம். 1996 கோடையில் பள்ளத்தாக்கில் வெப்பத்தால் பல இறப்புகள் நேர்ந்ததை அடுத்து, 1997-இல் ‘தடுப்பு மீட்புப் பணி’ ஒன்றைப் பூங்கா தொடங்கியது. ஆபத்து வந்தபின் ஓடுவதைவிட, பாதையின் மேற்பகுதியிலேயே நின்று “எங்கே போகிறீர்கள், எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, சாப்பிட ஏதாவது வைத்திருக்கிறீர்களா” என்று கேட்பது இதன் வேலை. எனக்கு மிகவும் பிடித்த மீட்புப் பணி இதுதான். படம் எடுத்துப் போட எதுவும் இல்லாத பணி.

அவர்கள் சொல்லும் விதிகள் எளிமையானவை. கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை உள்ளே நடக்க வேண்டாம். இறங்குவதற்கு ஆகும் நேரத்தைப்போல் இருமடங்கு நேரத்தை ஏறுவதற்கு ஒதுக்குங்கள். ஆற்றுக்குப் போய் ஒரே நாளில் திரும்ப முயலாதீர்கள். ஓடையைக் கண்டால் சட்டையையும் தொப்பியையும் நனைத்துக்கொள்ளுங்கள். கடைசி விதி மலையேறிகளுக்கு வியப்பாக இருக்கும். மலைக்குப் பருத்திச் சட்டை ஆகாது, காய நேரமாகும் என்றுதானே பயிற்சியில் சொல்கிறார்கள்? குளிர் மலைக்கு அது சரி. கோடைக் கேன்யனில் மெதுவாகக் காய்வதுதான் வேண்டும். நனைந்த பருத்தி, நீங்கள் சுரக்காத வியர்வை.

மீட்பு ஹெலிகாப்டர் வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் இயற்பியல் ஒரு எல்லை வைத்திருக்கிறது. சூடான காற்றின் அடர்த்தி குறைவு. இறக்கைகளுக்குக் கிடைக்கும் உந்துவிசையும் குறைகிறது. மிகச் சூடான நாள்களில், உதவி மிகவும் தேவைப்படும் அதே வேளையில், ஹெலிகாப்டரின் ஆற்றல் குறைந்துவிடும்.

தண்ணீரை மட்டும் குடித்தால்?

இவ்வளவையும் படித்துவிட்டு, தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் போதும் என்று முடிவு செய்தால் அதுவும் தவறு. வியர்வையோடு சோடியமும் போகிறது. போன நீரை ஈடுசெய்து, போன உப்பை ஈடுசெய்யாவிட்டால் இரத்தம் நீர்த்துப்போகும். இரத்தத்தில் சோடியத்தின் இயல்பான அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். அதற்குக் கீழே போனால் சவ்வூடுபரவல் தன் வேலையைத் தொடங்குகிறது. ஆய்வுக்கூடத்தில் உருளைக்கிழங்குத் துண்டைத் தூய நீரில் போட்டால் அது நீரை உறிஞ்சிப் பருக்கிறதல்லவா? அதேபோல் நீர்த்த இரத்தத்திலிருந்து நீர் உடல் அணுக்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கவைக்கிறது. கை வீங்கினால் மோதிரம் இறுகும், அவ்வளவுதான். மூளை வீங்கினால்? மண்டையோடு விரிந்து கொடுக்காது.

தலைவலி, குமட்டல், வாந்தி, குழப்பம். இவை நீர் குறைந்தவருக்கும் வரும். நீர் மிகுந்து உப்புக் குறைந்தவருக்கும் வரும். பார்க்க ஒன்றுபோலவே இருப்பதுதான் இதில் உள்ள சிக்கல். இரண்டாமவருக்கு மேலும் தண்ணீர் கொடுப்பது நிலைமையை மோசமாக்கும். ஆகவே பையில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்கும்போதே உப்புள்ள தின்பண்டம் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். வெயிலில் பசி எடுக்காது. பசிக்காவிட்டாலும் சிறிது சிறிதாகக் கொறிக்க வேண்டும். முறுக்கும் உப்புக்கடலையும் இதற்கு மிகப் பொருத்தமானவை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஐசோடோனிக் பானங்கள் உதவும். ஆனால் அவற்றில் உள்ள சோடியம் இரத்தத்தில் உள்ளதைவிட மிகக் குறைவு என்பதால், பானம் இருக்கிறதே என்று சாப்பாட்டை விட்டுவிடக் கூடாது. தாகம் எடுக்கும்போது குடிப்பது, கூடவே சாப்பிடுவது, நிழலில் உட்காருவது: மூன்றும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

ஒருவர் தடுமாறி நடந்தால், பேச்சு குழறினால், கேட்டதற்குப் பொருந்தாமல் பதில் சொன்னால் அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். அவருக்கு வியர்க்கிறது, ஆகவே ஆபத்தில்லை என்று எண்ண வேண்டாம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து, விசிறி, உதவிக்கு அழைக்க வேண்டும். இது நம் புரோகா மலைக்கும் பொருந்தும்.

மேகம் தெரியாத வெள்ளம்

வறண்ட நாட்டில் வெள்ளம் என்றால் நம்பக் கடினம். ஆனால் ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே பருவமழைக் காலம். பிற்பகலில் இடிமழை கொட்டும். நம் காடுகளில் இலைகள், சருகு, வேர், மண் எல்லாம் மழைநீரைப் பிடித்து மெல்ல விடுகின்றன. அங்கோ வெறும் பாறை. விழுந்த மழை முழுவதும் நேரே பள்ளங்களுக்கு ஓடுகிறது. இருபுறமும் செங்குத்தான சுவர் உள்ள குறுகிய பிளவுகளில் அந்த நீர் சேரும்போது, ஒதுங்க இடமில்லை.

1997 ஆகஸ்ட் 12 அன்று, அதே அரிசோனாவில் பேஜ் என்ற ஊருக்கு அருகே ஆன்டெலோப் பிளவுப் பள்ளத்தாக்கில் 11 சுற்றுலாப் பயணிகள் இப்படித்தான் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். மழை பெய்தது பல கிலோமீட்டர் தொலைவில். இன்று நவஹோ பழங்குடி வழிகாட்டியின் துணையின்றி அங்கே யாரும் நுழைய முடியாது.

இதை மட்டும் நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. நம் அருவிகளில் ‘கெப்பாலா ஆயர்’ என்று சொல்கிறோமே, அதன் பாலைவன வடிவம்தான் இது. குளிக்கும் இடத்தில் வெயில். மலைக்கு மேலே மழை. நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சிகளும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ மேட்டுக்கு ஓட வேண்டும் என்பது இரண்டு நாட்டுக்கும் ஒன்றே.

இரவும் மண்ணும்

பொழுது சாய்ந்ததும் வேறு கதை. காற்றில் உள்ள நீராவி, தரை வெளிவிடும் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் போர்வை. நமக்கு அந்தப் போர்வை தடிமன். அதனால் கோலாலம்பூரில் பகலில் 33 என்றால் இரவிலும் 24-க்குக் கீழே எளிதில் இறங்காது. தெற்கு விளிம்பில் ஜூலை மாதத்திலேயே பகல் 29, விடியற்காலை 12. பகல் வெயிலை நினைத்து மெல்லிய சட்டையோடு போனவர் இரவில் நடுங்குவார். அதே வறண்ட காற்றும் விளக்கில்லாத நிலமும் வானத்தைத் தெளிவாக வைத்திருக்கின்றன. 2019-இல் கிராண்ட் கேன்யனுக்குப் பன்னாட்டு இருள்வானப் பூங்கா என்ற தகுதி கிடைத்தது. பால்வெளி மண்டலத்தை வெறும் கண்ணால் பார்க்கலாம்.

பாதையை விட்டு விலகி நடக்கக்கூடாது என்பதற்கு வழிதவறுவது மட்டும் காரணமல்ல. அங்குள்ள மண்ணின் மேல் கருமையான, கரடுமுரடான ஒரு தோல் இருக்கும். அழுக்கு என்று நினைத்து மிதித்துவிடுவோம். அது சயனோபாக்டீரியா, பாசி, லைக்கன் ஆகியவை சேர்ந்து மணலைப் பின்னிவைத்த உயிருள்ள படலம். மண் அரிப்பைத் தடுக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்துகிறது. ஒரு காலடி பட்டால் உடைந்துவிடும். மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

செய்து பாருங்கள்

இரண்டு வெப்பமானிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றுங்கள். மின்விசிறிக்கு முன்னால் பத்து நிமிடம் வைத்து இரண்டின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் வெந்நீர்க் குளியலுக்குப் பின் ஆவி நிறைந்த குளியலறை வாசலில், பிறகு குளிர்சாதன அறையில், பிறகு மழை பெய்து ஓய்ந்த மாலையில் வீட்டு வாசலில். இரண்டு வெப்பமானிகளுக்கும் இடையிலான வேறுபாடு எங்கே அதிகம், எங்கே குறைவு என்று அட்டவணைப்படுத்துங்கள்.

ஒப்பிட இரண்டு எண்கள் தருகிறேன். 33 பாகை, 65 விழுக்காடு ஈரப்பதம் உள்ள நம் ஊர் நண்பகலில் ஈரத்துணி வெப்பமானி ஏறத்தாழ 27.5 பாகை காட்டும். 41 பாகை, 10 விழுக்காடு ஈரப்பதம் உள்ள பள்ளத்தாக்கின் அடியில் அது ஏறத்தாழ 19 பாகைதான் காட்டும். சூடான ஊரில்தான் ஈரத்துணி அதிகம் குளிர்கிறது. துணி காய்ந்துபோனால் இரண்டாவது வெப்பமானி எவ்வளவு காட்டும் என்பதை எழுதி, காரணத்தையும் இரண்டு வரிகளில் விளக்குங்கள்.

கூடவே, மேலே போட்ட கணக்கில் 60 கிலோகிராமுக்குப் பதில் உங்கள் பொருண்மையையும், உங்கள் பள்ளிப் பையின் எடையையும் வைத்துக் கேமரன் மலை உயரத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று பாருங்கள்.